பெட்டியும் பிணைப்பும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்த சான்றோர் பேசக் கீழே அமர்ந்து கேட்டு மகிழ்ந்தவன் நான். கைதட்டிப் பழகியவனை இவ்வாண்டு மேலே ஏற்றிவிட்டார் நமது செயலாளர். நான் புலவனும் அல்லன். பொறியியல் கற்றவனும் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறியதோடு என் படிப்பு நின்றது. தந்தையார் பணியிலிருக்கையிலேயே மறைந்துவிட, பதினெட்டு வயது நிரம்பியதும் ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அன்று தொட்டுக் கோப்புகளோடும் பட்டியல்களோடும் என் காலம் கழிகிறது. இத்தகையவன் கணினி மென்பொருளைப் பற்றிப் பேசப் போகிறான் என்று அழைப்பிதழில் கண்டபோது உங்களிற் சிலர் நகைத்திருக்கலாம். என் மனைவியும் நகைத்தாள். ஆயினும் இந்தப் பொருளைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நமது சங்கத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் தோளில் சுமந்த பெரியவர் ஒருவர், இரண்டு மழைக்காலங்களுக்கு முன் நம்மை விட்டு மறைந்தார். அவர் பெயரைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. இங்கிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அவரை அறியும். நூலக அலமாரியின் சாவி அவரிடம் இருந்தது. சந்தாக் கணக்கு, அவருக்கு மட்டுமே விளங்கும் குறிகளோடு, ஒரு நீண்ட நோட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பாடநூல் எங்கிருந்து வரவழைக்கிறார், எந்தக் குழந்தை எந்தப் பாடத்தில் நிற்கிறது என்பனவெல்லாம் அவர் நெஞ்சில் இருந்தன. அவர் சென்றபோது அவையும் அவருடனே சென்றன. தமிழ் வகுப்பு நான்கு மாதம் நடைபெறவில்லை. மீண்டும் தொடங்கியபோது, முன்பு வந்துகொண்டிருந்த இருபத்து மூன்று குழந்தைகளில் ஒன்பது பேரே வந்தனர். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டுவிட்டனர். எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்த சிறுமி ஒருத்தி, சென்ற பொங்கலன்று தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நான் கண்ணால் கண்டேன்.

அதன் பின்னரே, நமது காலனியிலிருந்து மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர் மூவர், சங்கத்தின் கணக்கு வழக்குகளுக்கென ஒரு மென்பொருள் செய்து தர முன்வந்தனர். அலுவலக நடைமுறை அறிந்தவன் என்ற முறையில் என்னை அவர்களோடு அமர்த்தினார்கள். ஆறு மாத மாலைப் பொழுதுகளில் நான் அவர்களிடம் கற்றதே இன்றைய பேச்சு.

அவர்கள் முதலில் செய்த மென்பொருள் ஒற்றைக் கட்டியாக இருந்தது. உறுப்பினர் பட்டியல், சந்தா, நூலகம், வகுப்பு, விழாக் கணக்கு யாவும் ஒன்றினுள் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. மூன்று மாதம் நன்றாகவே நடந்தது. பின்னர் பொதுக்குழுவில் நாம் குடும்பச் சந்தாவை மாற்றினோம். சந்தாப் பகுதியைத் திருத்திய மறுநாள், நூலகத்தில் புத்தகம் திருப்ப வேண்டிய தேதிகள் தாறுமாறாயின. சந்தாவுக்கும் புத்தகத் தேதிக்கும் என்ன உறவு என்று நான் கேட்டேன். நூலகப் பகுதி சந்தா நோட்டின் உள்ளே நேராகக் கையை நுழைத்து, அங்குள்ள ஒரு கட்டத்தைப் படித்து வந்திருக்கிறது. கட்டம் இடம் மாறியதும் அது தடுமாறிவிட்டது என்று விளக்கினார்கள். உடனே எனக்கு நம் பெரியவரின் நோட்டு நினைவுக்கு வந்தது. மனிதரிடத்தில் நேர்ந்த குறையே மென்பொருளிலும் நேர்ந்திருந்தது.

"இதனை உடைத்துத் தனித்தனிக் கூறுகளாகச் செய்து, ஒரு சட்டகத்தில் பூட்டுவோம்" என்றார் அம்மூவரில் மூத்தவர். அவ்வாறு பூட்டப்படும் கூறுக்குச் செருகுநிரல் என்று பெயர். பிளக்-இன் என்பதும் அதுவே. சுவரிலுள்ள மின்துளையில் விசிறியையும் செருகலாம், சலவைப் பெட்டியையும் செருகலாம். துளையின் அளவும் மின்னழுத்தமும் ஒத்திருந்தால் போதும். செருகப்படுவது இன்னதென்று சுவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ரயில்வேக் குடும்பத்தாருக்கு இதனை வேறு விதமாகச் சொன்னால் எளிதில் விளங்கும். ஒரு ரயில் என்பது என்ன? தூங்கும் வசதிப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, சமையல் பெட்டி, சரக்குப் பெட்டி ஆகியவற்றின் கோவை. சமையல் பெட்டியின் உள்ளே அடுப்பு எங்கே இருக்கிறதென்று தூங்கும் பெட்டிக்குத் தெரியாது; தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டுக்கும் இடையே பேசி முடித்த உடன்பாடு ஒன்று இருக்கிறது. கப்ளிங் இந்த உயரத்தில் இருக்க வேண்டும். பிரேக் குழாய் இவ்விதம் இணைய வேண்டும் என்பதே அது. இந்த உடன்பாடு இருப்பதனால்தான் ஒரு பெட்டி பழுதானால் அதனை யார்டில் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டி அனுப்புகிறோம். வண்டி முழுவதையும் புதிதாகக் கட்டுவதில்லை.

உடன்பாட்டில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஓடுகின்ற வண்டி நடுவில் அறுந்து இரண்டானால், பிரேக் குழாயில் காற்றழுத்தம் குறைந்து இரு பகுதிகளிலும் பிரேக் தானே பிடித்துக்கொள்கிறது. எப்படிச் சேர்வது என்பதோடு, பிரிய நேர்ந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. நல்ல சட்டகமும் அத்தகையதே. ஒரு செருகுநிரல் பழுதுற்றால் மற்றவை கவிழாமல் காப்பது அதன் கடமை.

மென்பொருளாளர் இவ்வழிக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1968ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியிலுள்ள கார்மிஷ் என்னும் ஊரில் நடந்த மாநாட்டில், பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்ராய் என்பவர், பிற தொழில்களில் உதிரிப் பாகங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்வதுபோல மென்பொருளுக்கும் பாகங்கள் உற்பத்தியாக வேண்டும் என்று வாதிட்டார். ஆனால் எந்த இடத்தில் வெட்டிப் பாகமாக்குவது? அதற்கு 1972இல் டேவிட் பார்னஸ் என்னும் அறிஞர் விடை கூறினார். வேலை நடக்கும் வரிசைப்படி வெட்டாதீர். எந்த முடிவு பின்னர் மாறக்கூடுமோ, அந்த முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறினுள் மறைத்து வையுங்கள் என்பது அவர் கருத்தின் சாரம்.

இதனை நம் சங்கத்துக்குப் பொருத்திப் பார்த்தோம். சந்தா விகிதம் மாறும். ஆகவே அது ஒரு கூறு. விழா ஆண்டுக்கு ஆண்டு மாறும். அஃது ஒரு கூறு. உறுப்பினர் பட்டியல், நூலகம், தமிழ் வகுப்பு ஆகியன மற்ற மூன்று. ஆக ஐந்து. இளைஞர்களில் ஒருவர் இருபது கூறுகளாகப் பிரிக்கலாம் என்றார். நான் தடுத்துவிட்டேன். ஒவ்வொரு இணைப்பும் எண்ணெய் இட்டுப் பேண வேண்டிய இடம். பழுதாகக்கூடிய இடமும் அதுவே. அறுபது குடும்பங்கள் உள்ள சங்கத்துக்கு இருபது பெட்டி வண்டி எதற்கு?

இனி, சட்டகம் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். எக்லிப்ஸ் என்பது மென்பொருள் எழுதுவோர் கையாளும் ஒரு கருவி. ஐ.பி.எம். நிறுவனம் அதனை 2001இல் யாவரும் எடுத்துத் திருத்தி வழங்கலாம் என்று திறந்துவிட்டது. அதன் நடுவிலுள்ள கரு மிகச் சிறியது. மற்றவை ஏறக்குறைய யாவும் செருகுநிரல்களே. 2004இல் வெளியான அதன் 3.0 பதிப்பு முதல், ஓ.எஸ்.ஜி.ஐ. என்னும் பொது விதிமுறையின்மேல் அது இயங்குகிறது. அவ்விதிமுறைப்படி ஒவ்வொரு கூறும் தன்னுடன் ஒரு சீட்டுக் கொண்டுவர வேண்டும். அச்சீட்டுக்கு மேனிஃபெஸ்ட் என்று பெயர். கப்பல் சரக்குக்கும் ரயில் சரக்குக்கும் உரிய சொல்லையே அவர்களும் எடுத்துக்கொண்டிருக்கின்றனர்! என் பெயர் இது, என் பதிப்பு எண் இது, நான் பிறருக்குத் தருவது இது, எனக்குப் பிறரிடமிருந்து வேண்டுவது இது என்ற நான்கும் அதில் இருக்கும்.

சட்டகம் எல்லாச் சீட்டுகளையும் படித்து, எவருக்கு எவர் வேண்டும் என்று பார்த்து, வரிசைப்படுத்திப் பூட்டுகிறது. ஒரு கூறு பிறிதொன்றை எதிர்பார்த்து நிற்பதற்குச் சார்பு என்று பெயர். கேட்டது கிடைக்காவிட்டால் அந்தக் கூற்றைச் சட்டகம் வண்டியில் பூட்டுவதில்லை; இன்னது கிடைக்கவில்லை என்று எழுதிவைக்கிறது. மேலும், தேவை வந்தாலன்றிக் கூறுகளை அது எழுப்பாமலும் வைத்திருக்கும். கசாராவிலிருந்து இகத்புரி வரை மலை ஏறுவதற்கு மட்டும் பின்னால் தள்ளு எஞ்சின் பூட்டுகிறோம் அல்லவா? அந்த எஞ்சினை மும்பையிலிருந்தே இழுத்துச் செல்வதில்லை.

எங்கள் சங்க மென்பொருளில் இப்போது நூலகக் கூறு தன் சீட்டில் ஒரே ஒரு வேண்டுகோளை எழுதியிருக்கிறது. "இவர் உறுப்பினரா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்பவர் ஒருவர் எனக்கு வேண்டும்" என்பதே அது. விடை சொல்பவர் எந்த நோட்டைப் பார்த்துச் சொல்கிறார் என்பது நூலகத்துக்குத் தெரியாது. சந்தா விகிதத்தை அதன் பின் இருமுறை மாற்றிவிட்டோம். நூலகத்தில் ஒரு தேதிகூட அசையவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். விடை சொல்பவரை நூலகக் கூறு தானே தேடிப் போவதில்லை. சட்டகமே கொண்டுவந்து அதன் கையில் கொடுக்கிறது. சார்பைப் புறத்தேயிருந்து அளிக்கும் இம்முறைக்கு மார்ட்டின் ஃபவுலர் என்பவர் 2004இல் எழுதிய கட்டுரையினால் டிபென்டென்சி இன்ஜெக்ஷன் என்ற பெயர் பரவிற்று. பெயர் அச்சுறுத்தலாம், செய்தி நமக்குப் பழையதே. பெட்டி எஞ்சினைத் தேடி ஷெட்டுக்குப் போவதில்லை. கண்ட்ரோல் அலுவலகம் எஞ்சினையும் ஓட்டுநரையும் ஒதுக்கி அனுப்புகிறது. இன்று ஓர் எஞ்சின், நாளை வேறோர் எஞ்சின். பெட்டிக்கு வேண்டியது இழுவிசையே அன்றிக் குறிப்பிட்ட எண்ணுள்ள எஞ்சின் அன்று.

நம் அலுவலகக் கடிதங்களும் அவ்வாறே. கடிதத்தை நாம் ஆளுக்கு எழுதுவதில்லை, பதவிக்கு எழுதுகிறோம். அதிகாரி மாற்றலாகிப் போனாலும் கடிதம் சேர வேண்டிய மேஜையைச் சேர்கிறது. வெள்ளையர் காலத்திலிருந்து குமாஸ்தாக்கள் அறிந்த இவ்வுண்மையைக் கணினித் துறையினர் தாமும் கண்டுபிடித்துப் பெயரிட்டிருக்கின்றனர் என்று நான் சொன்னபோது இளைஞர்கள் சிரித்தார்கள்; ஆனால் மறுக்கவில்லை.

பூட்டுவதில் இடர்களும் உள. முதலாவது இடர் வட்டச் சார்பு. எங்கள் முதற் திட்டத்தில், நூலக அட்டை பெறச் சந்தா ரசீது வேண்டும் என்றும், சந்தா கட்ட வருவோர் நூலக அட்டை எண்ணைச் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தோம். இரண்டு கூறுகளும் ஒன்றுக்கொன்று "நீ முன்னே" என்று நின்றுவிட்டன. இருவருக்கும் பொதுவான உறுப்பினர் எண்ணை மூன்றாவது கூறாகிய பட்டியலில் வைத்த பிறகே வண்டி நகர்ந்தது.

இரண்டாவது இடர் பதிப்பு வேறுபாடு. பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டிகளில் திருகுக் கப்ளிங்கும் இரு பக்கமும் பஃபர்களும் இருக்கும். ஜெர்மானிய வழியில் வந்த எல்.எச்.பி. பெட்டிகளில் நடுவே ஒரே பிடிப்பு. இரண்டையும் நேராகப் பூட்ட இயலாது. இடையில் மாற்றுப் பிணைப்பு ஒன்று வேண்டும். அந்தத் தொழிற்சாலையும் 2018 ஜனவரியோடு பழைய வகையைச் செய்வதை நிறுத்திவிட்டது. மென்பொருளிலும் இவ்வாறே. பதிப்பு எண்ணின் முதல் இலக்கம் மாறினால் கப்ளிங்கே மாறிவிட்டது என்று பொருள் கொள்ளும் வழக்கம் பலரிடம் உண்டு. பழையதும் புதியதும் சேர வேண்டுமாயின் இடையே ஓர் இணைப்பான் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது இடரே பெரியது. இன்று நான் சொல்ல வந்ததும் அதுவே. பிறர் செய்த கூறுகளின்மேல் நம் வண்டி ஓடுகிறது. அவற்றைச் செய்தவர் யார், பேணுபவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

2016ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் நடந்ததைக் கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதுவோர் தம் கூறுகளை என்.பி.எம். என்னும் பொதுக் கிடங்கில் வைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். அதில் லெஃப்ட்-பேட் என்று ஒரு சிறு கூறு இருந்தது. ரசீது எண் 7 என்பதை நாம் 0007 என்று இடப்பக்கம் நிரப்பி எழுதுவோமே, அந்த வேலையைச் செய்வது; பதினொரே வரி. அதனை எழுதியவருக்கும் கிடங்கை நடத்துவோருக்கும் ஒரு பெயரைப் பற்றிப் பிணக்கு உண்டாயிற்று. அவர் தம் கூறுகள் யாவற்றையும் கிடங்கிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். உடனே உலகெங்கும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைப் பூட்டும் பணி நின்றது. அவற்றுட் பலவற்றைச் செய்தோர் அந்தப் பதினொரு வரியைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. தாம் சார்ந்த கூறு சார்ந்த கூறு சார்ந்தது அது! சில மணி நேரத்தில் கிடங்கினர் அதனை மீட்டு வைத்தனர். பிறர் சார்ந்திருக்கும் கூற்றை நினைத்த மாத்திரத்தில் நீக்க இயலாதபடி பின்னர் விதியும் செய்தனர்.

அடுத்தது 2024ஆம் ஆண்டு நிகழ்ந்தது. கோப்புகளைச் சுருக்கி அடைக்கும் எக்ஸ்.இசட். என்னும் கருவி, லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ளது. அதனை நெடுங்காலம் ஒருவரே ஊதியமின்றிப் பேணி வந்தார். வேலை தாமதமாகிறது என்று சிலர் அவரை நெருக்கினர். உதவ வந்தவர்போல் ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாக உழைத்து, நம்பிக்கை பெற்று, பொறுப்பிலும் பங்கு பெற்றார். பின்னர் கள்ள வழி ஒன்றை அதனுள் மறைத்து வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர், தொலைவிலுள்ள கணினியினுள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று ஐயுற்றுத் தோண்டியதால், அந்த மார்ச் 29ஆம் நாள் அது வெளிப்பட்டது. அரை விநாடி! நம் நண்பர்கள் சக்கர ஓசையைக் கேட்டே அச்சுச் சூடேறியதை அறிவார்களே, அத்தகைய காது அவருக்கு.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் கேட்ட அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் மென்பொருள் அன்று. அவையோர் பொறுத்தருள்வீர்களாயின் என் சொந்த வாழ்விலிருந்து ஒன்று சொல்வேன்.

பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் சம்பளப் பட்டியல் மேஜை எனக்குக் கிடைத்தது. அம்மேஜையின் வேலை என்னைத் தவிர எவருக்கும் தெரியாது என்பதில் எனக்கு அளவிலாப் பெருமை. எவரும் கற்றுக்கொள்ள வந்தால் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அனுப்பிவிடுவேன். நான் இல்லாவிட்டால் பட்டியல் நகராது என்று பிறர் சொல்லக் கேட்பது தேனாக இனித்தது. ஒரு மாதம் பட்டியல் முடிக்க வேண்டிய வாரத்தில் ஊரிலிருந்து தம்பி தொலைபேசியில் அழைத்தான். அம்மாவுக்கு உடல்நிலை மோசம், உடனே புறப்படு என்றான். மேலதிகாரி நல்லவர், போய்வா என்றுதான் சொன்னார். ஆனால் நானூறு குடும்பங்களின் சம்பளம் என் நோட்டில் அடைபட்டிருந்தது. யாரிடம் ஒப்படைப்பேன்? இரண்டு நாள் இரவும் பகலும் அமர்ந்து முடித்துவிட்டுப் புறப்பட்டேன். நான் வீட்டு வாயிலை அடைந்தபோது தம்பி மொட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்தான்.

எவர் மீதும் எனக்குக் குறை இல்லை. அந்தப் பூட்டை எனக்கு நானே போட்டுக்கொண்டேன். இன்றியமையாதவனாக இருப்பது பெருமை என்று எண்ணினேன். அது பிறருக்கும் தீங்கு, எனக்கும் விலங்கு என்று அன்று கண்டேன். ஊரிலிருந்து திரும்பியதும், மேஜையின் வேலை ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். இன்ன தேதியில் இன்ன இடத்திலிருந்து இன்னது வரும். அதனைக் கொண்டு இன்னது செய்து இன்னாருக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதி, பக்கத்து மேஜை நண்பருக்கும் பழக்கினேன். இளைஞர்கள் மேனிஃபெஸ்ட் சீட்டைப் பற்றிச் சொன்னபோது அந்த நோட்டுத்தான் என் கண்முன் வந்தது.

நம் பெரியவரை நான் குறை கூறவில்லை. அவர் தோளில் அவ்வளவையும் ஏற்றிவைத்துவிட்டு நாம் அல்லவா கைவீசி நடந்தோம்? எக்ஸ்.இசட். கருவியைப் பயன்படுத்திய கோடிக்கணக்கானோர், அதனைத் தனியாகப் பேணி வந்தவரை எண்ணிப் பார்க்காததுபோல, நாமும் ஆண்டுக்கொரு சால்வை போர்த்திவிட்டு ஓய்ந்தோம். "ஐயா, ஒரு ஞாயிறு நான் வகுப்பெடுக்கட்டுமா?" என்று இருபது ஆண்டுகளில் நான் ஒரு முறையேனும் கேட்டதில்லை.

சார்பு என்பது இழிவன்று. எதனையும் சாராத பெட்டி யார்டில் துருப்பிடிக்கும். ஆனால் சார்வதற்கு ஒரு முறை உண்டு. ஆளைச் சாராமல் உடன்பாட்டைச் சார வேண்டும். உடன்பாடு நெஞ்சில் இருந்தால் போதாது. எழுத்தில் இருக்க வேண்டும். அந்த உடன்பாட்டை நிறைவேற்றுபவர் தனித்து விடப்படாமல் இருக்க வேண்டும். எத்துணை நல்ல சட்டகமாயினும் இந்த மூன்றாவதைச் செய்து தராது. அது மனிதர் செய்ய வேண்டியது.

நம்மைப் போல் மாற்றலில் வாழ்வோருக்கு இது மிகவும் பொருந்தும். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு குடும்பம் போகும். வேறொரு குடும்பம் வரும். நேற்று இந்த வண்டியில் பூட்டிய பெட்டி நாளை வேறு வண்டியில் ஓடும். அதற்காக வண்டி நிற்கலாகாது. புதிதாக வருபவர் முதல் ஞாயிற்றுக்கிழமையே தம் இடத்தில் வந்து பூட்டிக்கொள்ளும்படி கொக்கி தயாராக இருக்க வேண்டும்.

ஆகவே செயற்குழுவின் ஒப்புதலோடு இன்று இரண்டு காரியம் செய்திருக்கிறோம். சங்கத்தின் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒப்படைப்பு நோட்டு ஒன்று எழுதி நூலக மேஜைமீது வைத்திருக்கிறோம். சாவி எங்கே, புத்தகம் எங்கிருந்து வரும், எந்தக் குழந்தை எந்தப் பாடத்தில் நிற்கிறது என்பன யாவும் அதில் உள்ளன. கணினி பழுதானாலும் அந்நோட்டு இருக்கும். இரண்டாவதாக, ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர் என்று தீர்மானித்திருக்கிறோம். நான்கு பொறுப்புகளுக்கு இரண்டாமவர் கிடைத்துவிட்டனர். தமிழ் வகுப்புக்கு இதுவரை ஒருவரே இருக்கிறார். இரண்டாமவர் பெயருக்கான இடம் வெற்றாக இருக்கிறது.

பெரும்புலமை வேண்டியதில்லை. அகரம் எழுதத் தெரிந்தால் போதும்; மற்றதை நோட்டுச் சொல்லும். முதல் இரண்டு ஞாயிறு நான் உடன் அமர்கிறேன். சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில்தான் நூலக மேஜை இருக்கிறது. பேனாவும் அங்கேயே வைத்திருக்கிறேன். தன் பெயரை எழுதத் தெரியாமல் நின்ற அந்தச் சிறுமி இப்போது மீண்டும் வகுப்புக்கு வருகிறாள். அவள் முன் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறாள். நோட்டின் மேலட்டையில் "தமிழ் வகுப்பு" என்று எழுதியிருப்பது அவள் கையெழுத்து.

 வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்!